இன்னைக்கு யாரு கரை?

சமவெளியில் ரயில் ஓட்டுகிறவனுக்கு வண்டியை ஓடவைப்பது வேலை. மலையில் அப்படி இல்லை. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் இறங்கும்போது வண்டி தானாகவே ஓடும். அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாயர்புரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணனிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு உத்தியோகமா என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கல்லாவுக்குப் பின்னால் உட்காராத ஒரே ஆள் நான். அதனால் என் வேலையைப் பற்றி யாருக்கும் பெரிய மரியாதை கிடையாது.

ஆனால் அண்ணன் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. அந்த இறக்கத்தில் நான் ஓட்டுகிறேன் என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை. பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை வரும். குகைக்கு இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், காற்று சருகைப் புரட்டிக்கொண்டு போகும். உள்ளே நுழைந்தால் இருட்டு. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அது மெல்ல மெல்லப் பெரிதாகி, கடைசியில் கண்ணாடி முழுவதும் பச்சையாகிவிடும். வெளியே வந்தால் அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். ஒரே மலைதான், ஒரே மதியந்தான், ஆனால் வேறு ஊர், வேறு வானம். இத்தனை தடவை போய் வந்த பிறகும் அந்த இடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு நொடி தடுமாறிப் போவேன்.

அதற்குப் பிறகு பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் பாறைச் சுவர், அதில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் வழியும். இன்னொரு பக்கம் ஆறு. ஆறு என்றால் தாமிரபரணி போல அகலமாகக் கிடக்கிற ஆறு இல்லை. கழுதுருட்டி ஆறு ஒடுங்கி, கல்லில் மோதி, காட்டுக்குள் மறைந்து, நாம் மறந்த நேரத்தில் திடீரென்று காலுக்கடியில் வந்து நிற்கும். ஆள் சைக்கிளில் கூடவே வரலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வண்டி போகும். முன்னால் எங்கள் எஞ்சின், பின்னால் வண்டியைத் தாங்கிப் பிடிக்க இன்னொன்று. மழை நாளில் மேகம் தண்டவாளத்தின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அதற்குள் போகும்போது வண்டி நின்றுவிட்டது போலவும், மலைதான் மெல்ல எழுந்து எங்களை நோக்கி நடந்து வருவது போலவும் இருக்கும். அப்போதெல்லாம் சிக்னல் தெரிந்ததும் நானும் உதவி ஓட்டுநரும் கையை உயர்த்தி, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்வோம். அது எங்கள் வேலை விதி. எனக்கு அது தூங்குகிறவனைத் தோளில் தட்டி எழுப்புவது மாதிரி.

இதையெல்லாம் என் மனைவிக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் என்னுடைய ஆசை. பெரிய ஆசை எதுவும் இல்லை, இது ஒன்றுதான். நான் ஓட்டுகிற வண்டியில் அவள் உட்கார்ந்து வரவேண்டும், அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். கேட்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். டிக்கெட் எடுத்து ஏறினால் முடிந்தது. ஆனால் நானும் அவளும் ஒரே வண்டியில் ஏறுவதில்லை.

அவள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. துறைமுகச் சாலையில் லாரி எடை மேடையில் வேலை. உப்பு லாரியும் கரி லாரியும் வந்து ஏறும், இவள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பாள். நாள் முழுக்க எடை பார்க்கிறவள் என்பதால் வாய்ச்சொல்லையும் நிறுத்துத்தான் வாங்குவாள். நான் முதலில் துறைமுகத்திலிருந்து கரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்ததும் பழகியதும் அந்தக் காலத்தில்தான். இரண்டு பேரும் ஏசுவைக் கும்பிடுகிறவர்கள் என்றாலும் கோயில் வேறு, சனம் வேறு. அதனால் இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகம் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் ஒரு சிறு முத்துத் தோடு இருக்கும். முத்துக்குளித்துறைப் பெண் காதில் இந்தக் கடல் முத்து என்று நான் பெருமையாகச் சொன்னபோது, ஹைதராபாத்திலிருந்து வந்த முத்து, கடைக்காரரே சொன்னார் என்று சொல்லி என் வாயை அடைத்தாள்.

அவள் அப்பா கடல் தொழில் செய்தவர். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே வள்ளத்தில் ஏறக் கூடாது, ஒருத்தர் கரையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா ஒரு வள்ளத்தில் போனால் மகன் வேறொருவர் வள்ளத்தில் போவான். கடல் ஒன்றைக் கொண்டுபோனாலும் வீட்டுக்கு ஒன்று மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு. இன்னொரு வழக்கமும் இருந்தது. திரும்பும்போது, கரையில் நிற்கிற முகங்கள் தெரிகிற தூரம் வந்ததும், வள்ளத்தின் முன்னால் நிற்கிறவர் ஒரு துடுப்பை நேராக நிமிர்த்திப் பிடிப்பார். எல்லாரும் இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். கரையில் நிற்கிற பெண்கள் அதைப் பார்த்த பிறகுதான் மீன் கூடையைத் தேடிப் போவார்கள்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், அப்பாவோடு போகிற கூட்டாளிக்குக் காய்ச்சல். ஒரு நாள்தானே என்று அவள் அண்ணன் அப்பாவின் வள்ளத்தில் ஏறினார். அந்த ஒரு நாளில் காற்று மாறிவிட்டது. மறுநாள் வேறு ஆட்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். துடுப்பு உள்ளே கிடந்தது, நிமிர்த்திப் பிடிக்க ஆள் இல்லை. இதை அவள் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள். அழாமல் சொன்னாள். அழுதது நான்தான்.

கல்யாணம் ஆன புதிதில் இந்த வழக்கம் எங்களைத் தொடவில்லை. வேளாங்கண்ணிக்கு ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். வழியில் நான் ஆற்றையும் வயலையும் காட்டிக்கொண்டே வந்தேன். அவள் பஸ் கிளம்பிய சிறிது நேரத்திலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தோள் மரத்துப்போனது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போன நெடும்பயணம் அது ஒன்றுதான்.

வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த அன்றைக்கு அவள் சொல்லிவிட்டாள், இனி நாம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறக் கூடாது என்று. வள்ளம் வேறு, பஸ் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். தண்ணியா தரையா என்பது கணக்கு இல்லை, பிள்ளைக்கு ஒருத்தர் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அதிலிருந்து நாங்கள் எங்கே போனாலும் இரண்டு வண்டிதான். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளும் மகளும் வேனில் போவார்கள்; நான் பின்னாலேயே பைக்கில் தூசியைத் தின்றுகொண்டு போவேன். திருச்செந்தூர்ப் பக்கம் போனால் அவர்கள் முதல் பஸ், நான் அடுத்த பஸ். ஆறுமுகநேரியில் அவர்கள் இறங்கி எனக்காகக் காத்திருப்பார்கள். நான் போய்ச் சேரும்போது வாங்கிய ஐஸ் கரைந்து பாதியாகியிருக்கும். என் அண்ணன் வீட்டில் இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. புருசனும் பெண்டாட்டியும் சண்டையா என்று கேட்பார்கள். சண்டை இல்லை, கடல் என்று நான் சொல்வேன். ஒருவருக்கும் விளங்காது.

எங்கள் மகளுக்கு இது வழக்கமாகவே போய்விட்டது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் போவார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாள். சின்ன வயதில், வெளியே கிளம்புகிற எந்த நாளிலும், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கு யாரு கரை?" அவளோடு வராத ஆள் கரை. பெரும்பாலும் நான்தான் கரை. சில நாள் அவளாகவே, பாவம் அப்பா, இன்னைக்கு அம்மா கரையாக இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த நாட்களில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எந்தப் பதவி உயர்விலும் நான் பார்த்ததில்லை.

செங்கோட்டைப் பாதை அகலப்பாதையாகி, எனக்கு மலை வண்டி கிடைத்தபோது மகள் கல்லூரி முடித்துவிட்டாள். வாரம் முழுக்க மலையில் இருப்பேன், ஓய்வு நாளுக்குத் தூத்துக்குடி வருவேன். ரயில் ஊருக்குள் நுழையும்போது உப்பு வாடை வரும், உப்பு அம்பாரங்கள் வெள்ளையாக நிற்கும். மலையிலிருந்து வருகிற கண்ணுக்கு அவையும் சின்னச் சின்ன மலைகளாகத் தெரியும். வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரை எடுத்ததும் என் மனைவி கேட்கிற முதல் கேள்வி, இந்த வாரம் எப்படி இருந்தது என்பதுதான். வாரம் என்றால் மலை. நான் சொல்ல ஆரம்பிப்பேன். குகைக்கு வெளியே மேகம் வந்து மறித்ததையும், மேலேயிருந்து புதிதாக ஓர் அருவி விழுந்து எஞ்சின் கண்ணாடியில் தெறித்ததையும், ஆற்றுப் பாறையில் ஒரு மிளா மான் நின்று, நாங்கள் போகும் வரைக்கும் தலையைத் திருப்பாமல் பார்த்ததையும் சொல்வேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். கடைசியில் ஒன்று சொல்வாள்.

"நீங்க சொல்லுததுல பாதியத்தான் நா எடுத்துக்கிடுவேன்."

மீதிப் பாதியை நேரில் வந்து பார் என்பேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

ஒரு வளைவைப் பற்றி அடிக்கடி சொல்லுவேன். பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இடப்பக்கம் ஆற்றை ஒட்டி வண்டி நன்றாக வளையும். மலைப் பாதையில் வளைவு வரும்போதெல்லாம் நாங்கள் எஞ்சினிலிருந்து தலையை நீட்டித் திரும்பி வண்டியைப் பார்க்க வேண்டும். புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பதற்கு. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடியைக் காட்டுவார். அந்த வளைவில் மட்டும் வண்டி முழுவதும் ஒரே பார்வையில் விழும். பெட்டிகள் அத்தனையும், சன்னல்கள் அத்தனையும், கீழே ஆறும், மேலே காடும். அந்தச் சன்னல்களில் எப்போதும் யார் யாரோ முகங்கள். எல்லாரும் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்க்கும்போது, அவற்றில் ஒன்றில் அவள் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். வண்டி நேராகிவிடும், நானும் முன்னால் திரும்பிவிடுவேன்.

போன வருடம் எனக்கு ஓய்வு நெருங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் பள்ளத்தாக்கு இருக்கும், ரயில் இருக்கும், ஆனால் அது என் வண்டியாக இருக்காது. ஆகவே வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டேன். ஒரே ஒருமுறை வா, கடைசிப் பெட்டியில் உட்கார், நான் ஒரு முனையில், நீ மறுமுனையில், இதையும் இரண்டு வண்டியாகக் கணக்கு வைத்துக்கொள் என்றேன். அவள் எடை பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"மவ இருக்காள்லா," என்றாள். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகளுக்கு வேலை கிடைத்து, சம்பளம் வாங்கி, கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. இன்னும் அவளைத் தொட்டில் பிள்ளையாகவே வைத்துப் பேசினால் நான் என்ன செய்வேன்? கத்தவில்லை. கத்துவதைவிட மோசமான காரியம் ஒன்று செய்தேன், மலையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஓய்வு நாளில் வந்து, காப்பியைக் குடித்துவிட்டுப் பேப்பரை விரித்துவிடுவேன். மழையா என்று கேட்பாள். ஏதோ பெய்தது என்பேன். ஆற்றில் தண்ணீர் எப்படி என்பாள். தண்ணீர் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பேன். சின்னப் பிள்ளைத்தனந்தான். ஆனால் சொல்லாமல் இருந்தபோதுதான் தெரிந்தது, நான் அந்தப் பள்ளத்தாக்கை இவளிடம் சொல்வதற்காகவே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று. சொல்ல ஆள் இல்லாத வாரங்களில் எனக்கு மிளாவும் கண்ணில் படவில்லை, மேகமும் கண்ணில் படவில்லை. பிரேக்கும் சிக்னலும் மட்டும் இருந்தன.

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோயிலுக்கு நாங்கள் இரண்டு காரில்தான் போனோம். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியிலேயே வேலை, கடற்கரைச் சாலையில் வீடு. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சாயங்காலம், வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மீன்பிடித் துறைமுகத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. என் மனைவி ஏதோ நினைப்பில், அந்த வளைவில் ஆறு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள். கோபம் இன்னும் தீரவில்லை எனக்கு. இடப்பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன்.

சில நாட்களுக்குப் பிறகு, ஓய்வுக்கு முந்திய கடைசிச் சில ஓட்டங்களில் ஒன்று. செங்கோட்டையிலிருந்து மதியம் கிளம்பினோம். என்னோடு வந்த உதவி ஓட்டுநர் தென்காசிக்காரர், குடும்பஸ்தர், அதிகம் பேசமாட்டார். குகைக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் பிரேக்கைச் சோதித்தோம், பின் எஞ்சின்காரரிடம் பேசினோம், நுழைந்தோம். அந்தப் பக்கம் மழை விட்டு, வெயில் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. காடு முழுவதும் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. பாலத்தில் ஏறியபோது கீழே ரோட்டில் ஒரு பஸ் நின்று, ஆட்கள் இறங்கி எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்கள் அங்கே நிற்கிறார்கள், நான் இங்கே போகிறேன் என்பதெல்லாம் ஒரு கனவில் நடப்பது போல இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு மலை மறுபடி என் கண்ணில் பட்டது.

வளைவு வந்தது. தலையை நீட்டித் திரும்பினேன். வழக்கம்போலச் சன்னல் நிறையப் போன்கள், கைகள். கடைசியில் கார்டின் பச்சைக் கொடி. நடுவில் ஒரு பெட்டியின் சன்னலில் ஒரு குடை. மடக்கிய கறுப்புக் குடை. அது அசையவில்லை, ஆடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நேராக, நிமிர்ந்து நின்றது. அதைப் பிடித்திருந்த கையும் ஒரு நீலச் சேலைத் தலைப்பும் மட்டும் தெரிந்தன.

முகம் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. உலகத்தில் ரயில் சன்னலிலிருந்து துடுப்பை நிமிர்த்திக் காட்டுகிற ஆள் ஒருத்திதான். நிற்க முடியாது, அந்த இறக்கத்தில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட முடியாது. திரும்பி இன்னொருமுறை பார்க்கவும் முடியாது, வண்டி நேராகிக்கொண்டிருந்தது. கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். அடுத்த சிக்னலைக் கவனிக்கவில்லை. தென்காசிக்காரர் இரண்டாவது தடவையும் கையை உயர்த்தி, "அண்ணாச்சி, பச்சை," என்றார். பச்சை என்று நானும் சொன்னேன். அங்கே ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை ஒன்று உண்டு. எப்படியும் அடிக்க வேண்டிய ஹாரன்தான். கொஞ்சம் நீளமாகவே அடித்தேன்.

புனலூரில் பின் எஞ்சினைக் கழற்றுவதற்காக வண்டி நிற்கும். உதவி ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்கி எஞ்சின் பக்கத்திலேயே நின்றேன். கூட்டத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள், நீலச் சேலை, கக்கத்தில் குடை. எடை மேடைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே தூத்துக்குடியில் ரயில் ஏறி, திருநெல்வேலியில் மாறி வந்திருக்கிறாள். எத்தனையோ சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது என் பழைய குணந்தான்.

"ஏளா, குடைய வெளிய நீட்டலாமா? மேல கரண்டு கம்பி போகுதுல்லா?"

மடக்கித்தானே வைத்திருந்தேன் என்றாள். என் தலை கடுகு அளவுக்குத் தெரிந்தது என்றாள். அப்புறம் பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க கொறச்சுல்லா சொல்லியிருக்கிய," என்றாள்.

எடை பார்க்கிறவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. என் முப்பது வருட உத்தியோகத்துக்கும் அது போதும். ஆனால் இத்தனை வருடம் அசையாதவள் இன்றைக்கு எப்படி ஏறினாள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவள் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"மவளுக்கு இப்பம் ஆளு இருக்கு. இனி நம்ம ரெண்டு பேரும் ஒரு வள்ளத்துல ஏறலாம்," என்றாள்.

விசில் கேட்டது. அவள் அவள் பெட்டிக்குப் போனாள், நான் என் எஞ்சினில் ஏறினேன்.

கொல்லத்தில் அன்றைக்கு ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் திரும்பும் வண்டியில் எனக்கு வேலை இல்லை, பயணியாகச் செங்கோட்டைக்கு வரவேண்டியதுதான். இரண்டு பேரும் ஒரே பெட்டியில், ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். சன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தேன். நேற்றுப் பார்த்ததை இன்றைக்கு ஏறுமுகமாகப் பார்க்கலாம், அந்தப் பாறையில் மிளா வந்தாலும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தென்மலை வருவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வேளாங்கண்ணி பஸ்ஸில் சாய்ந்த அதே தோள். அருவி வந்தது, ஆறு வந்தது, பாலம் வந்தது. நான் எழுப்பவில்லை.

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பயந்தேன். எஞ்சினில் இருக்கும்போது அந்தப் பாதையில் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. இப்போது வண்டி வேறொருவர் கையில், அவரும் நல்ல ஓட்டுநர், எனக்குப் பழக்கமானவர்தான். ஆனாலும் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் ஒரு நொடி வழுக்கிச் சத்தம் போட்டபோது என் கை அங்கே இல்லாத பிரேக்கைத் தேடியது. ஒரு வளைவில் வண்டி நின்று மறுபடி கிளம்பும் வரைக்கும் மூச்சை விடவில்லை. இவள் இங்கே இருக்கிறாள், நானும் இங்கே இருக்கிறேன், இரண்டு பேரும் ஒன்றில். இவள் இத்தனை வருடம் சுமந்த கனம் இது என்று அந்த ஏற்றத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவள் பாட்டுக்கு வாயைத் திறந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

குகைக்குள் போய் வெளியே வந்தோம். வெயில், காய்ந்த காற்று, நம் பக்கம். போனுக்கு மறுபடி சிக்னல் கிடைத்து, அவள் பையில் மணி அடித்தது. அவள் அசையவில்லை. மெதுவாக எடுத்துப் பார்த்தேன், மகள்.

"யப்பா? அம்மா போன நீங்க எப்படி எடுக்கிய?"

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், தூங்குகிறாள், ரயிலில் வருகிறோம் என்றேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. அவள் இருக்கிற வீட்டின் பின்னால் கடல் சத்தம் எனக்குக் கேட்டது.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"சரிப்பா. பைய வாங்க," என்றாள். "இன்னைக்கு நா கரை."